பேஸ்காரர்

கிட்டாரை எடுத்துப்போகக் கொழும்பிலிருந்து வந்திருந்தவர், அதை மடியில் கிடத்திக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகர்ந்து பார்த்தார். பழைய இசைக்கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர். முப்பது வயதுதான் இருக்கும். மரத்தின் வாசத்திலேயே வயது தெரிந்துவிடுமாம். அறுபதுகளில் செய்த பேஸ் கிட்டார், இந்த வகை இப்போது இலங்கையில் அபூர்வம் என்றார். கட்டைவிரல் ஊன்றி ஊன்றிப் பூச்சு கரைந்து, வெளிறிய மரம் தெரிந்த இடத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா வாசிச்ச கை" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தார். "இத வாசிச்சவர் யாருங்க? என்கிட்ட இருக்கிற எல்லாத்துலயும் அவங்கள பத்தி ஒரு வரி எழுதித் தொங்கவிடுவேன்." தேநீர் ஊற்றி வருகிறேன் என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். ஹட்டன் நகரத்தில் ஒலிப்பதிவுக் கூடம் என்று நான் பலகை மாட்டியிருக்கும் இரண்டு அறை வீடு அது. கேத்தல் கொதிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது.

அந்தக் கிட்டாரை வாசித்தவரை எங்கள் குழுவில் எல்லோரும் பேஸ்காரர் என்போம். நேரில் நான் அண்ணே என்பேன். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன் இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது. தொண்ணூறுகளின் நடுவில் கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த இசைக்குழு அது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சினிமாப் பாட்டு வாசிப்போம். நான் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். என்னிடம் கீபோர்ட் இருந்தது. ஆகவே நான்தான் தலைவன். இதைவிடப் பெரிய தகுதி எதுவும் அன்று என்னிடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் தம்பி என்று கூப்பிட்டாலும் ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை.

தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த பறங்கியர் ஒருவர் இளவயதில் நுவரெலியா ஹோட்டல்களில் வாசித்தவர். குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, கொண்டுபோக முடியாத சாமான்களில் ஒன்றாக இந்தக் கிட்டாரை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அதைப் பேஸ்காரர் பச்சைப்பிள்ளையைப்போல வைத்திருந்தார். கம்பளியில் சுற்றி, கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணியால் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மழையில் தான் நனைந்துகொண்டு தூக்கி வருவார். புதுக் கம்பி வாங்கக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். அதனால் ஒலி மங்கிய கம்பிகளைக் கழற்றி ஒரு தகரத்தில் போட்டு அடுப்பில் கொதிக்கவைப்பார். அழுக்குப் போனால் மறுபடியும் ஒலி தெளியும். "இன்னைக்கு எங்க வீட்டுல கம்பி ரசம்" என்று அவருடைய மனைவி கேலி செய்வார். அந்த வேலையைப் பேஸ்காரர் வேறு யாரிடமும் விட்டதில்லை.

ஊருக்கு அது என்ன வாத்தியம் என்றே தெரியாது. கிட்டார் என்றால் ஆறு கம்பி என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துவைத்திருந்தார்கள். போகிற தோட்டமெல்லாம், "என்னண்ணே, ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்று யாராவது கேட்பார்கள். "இல்லைங்க, இதுக்கு நாலுதான்" என்று சலிக்காமல் சொல்வார். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. கடைசிப் பாட்டுக்கு முன்னால் நான் ஒலிவாங்கியைப் பிடித்து, வாசித்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்வேன். "பேஸ் கிட்டாரில்..." என்று இழுத்துப் பெயரைச் சொல்வேன். அவர் வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்துத் தலையை லேசாகச் சாய்ப்பார். கைதட்டு பெரிதாக இருக்காது. அவருடைய மனைவி மட்டும், எவ்வளவு தூரத்துத் தோட்டமானாலும், அந்த ஒரு வரியைக் கேட்பதற்காகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

அந்த வரி அவர்களுக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அவருடைய அப்பா தோட்டத்தில் தப்பு என்னும் பறை அடித்தவர். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு, காமன் கூத்துத் தப்பு, எல்லாவற்றுக்கும் மேலே சாவுத் தப்பு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யார் இறந்தாலும் எவனாவது போய் அந்தக் கிழவனின் கதவைக் காலால் தட்டுவான். கையால் தட்டமாட்டார்கள். சம்பளத்துக்கு நிற்கிற வரிசையிலும் கோயிலிலும் அவருக்குப் பெயர் கிடையாது, தப்புக்காரன், அவ்வளவுதான். மகனையும் தப்புக்காரன் மகன் என்றுதான் சொன்னார்கள். நாலு கம்பியை மாட்டிக்கொண்டு மேடையேறிய பிறகுதான் பேஸ்காரர் என்ற பெயர் வந்தது. சொந்தக் கையால் சம்பாதித்த பெயர்.

எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான் பயிற்சி எடுப்போம். அது பூட்டியிருந்தால் எங்கள் குவாட்டர்ஸ். மழை பெய்தால் அம்மா கிட்டாரை மட்டும் வாங்கி உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் சாய்த்துவைப்பார். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று உண்மையான கவலையோடு துணியால் துடைப்பார். பேஸ்காரர் வாசற்படியில் இருப்பார். அவருக்கென்று ஒரு தகரக் குவளை வெளிச்சுவரில் தொங்கியது. அம்மா கெட்டவர் அல்ல. நானும் கெட்டவன் அல்ல என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. நான் புதுக் கீபோர்ட் ஒன்று வாங்கினேன். இடது கையால் இரண்டு கட்டையை அழுத்தினால் பேஸும் தாளமும் தானாக வந்துவிடும். சினிமாப் பாட்டுக் குழுக்கள் மூலைக்கு மூலை முளைத்திருந்தன. அந்தச் சமயத்தில் ஒரு கலைவிழாவில் வாசிக்க எங்களை அழைத்தார்கள். பொறுப்பாக இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்தவர், நன்றாகப் படித்தவர், மலையகத்தின் மேல் மெய்யான அன்புள்ளவர். ஒத்திகை பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கட மண்ணின்ர வாத்தியம் தப்பு. அதை விட்டிட்டு ஏன் வெள்ளைக்காரன்ர சாமானைக் காவிக்கொண்டு திரியிறியள்? தப்பு இருந்தால் உங்களைக் கொழும்புக்கும் அனுப்பலாம். அடிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையோ?" இருக்கிறார் என்றேன். அவர் ஒன்றும் தெரியாமல் கேட்டார். நான் எல்லாம் தெரிந்து தலையாட்டினேன்.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய், இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நம் பாரம்பரியம், நம் அடையாளம், இப்போது தப்புக்கு எவ்வளவு மரியாதை என்றெல்லாம் அதிகாரியின் வார்த்தைகளையே எடுத்து அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே எண்ணெய் விட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா செத்தப்ப அவரு தப்ப அவரு கூடவே குழியில வச்சிட்டேன் தம்பி" என்றார். "இனிமே எவனும் வந்து எங்க வீட்டுக் கதவக் காலால தட்டக்கூடாதுன்னுதான் வச்சேன்." அதோடு நான் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. "கீபோர்ட்லயே இப்ப பேஸ் வந்துருதுண்ணே" என்றேன். குரலை உயர்த்தாமல், சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இனித் தப்பு அடித்தால் மேடை, இல்லாவிட்டால் மேடை இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரிங்க தம்பி" என்றார். "ஒரு பாட்டுக்குத் தப்பு அடிக்கிறேன். ஆனா அறிமுகத்துல பேஸ் கிட்டார்னு சொல்லிருங்க. வீட்ல வருவாங்க." அது என்ன பெரிய காரியம், கட்டாயம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விழா நாளில் மண்டபத்துக்குப் பின்னால் அவர் காகிதத்தைக் கொளுத்தி, அதிகாரி கொண்டுவந்த புதுத் தப்பைக் காய்ச்சினார். காய்ச்சினால்தான் தோல் இறுகும். எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் காட்டவேண்டும் என்பதை அவருடைய கை மறக்கவில்லை. வெற்றுடம்பும் மடித்துக்கட்டிய வேட்டியும் தலைப்பாகையுமாக அவரை நிறுத்தினார்கள். எங்கள் நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் நீளக்கை சட்டை. பேஸ் கிட்டார் மேடையின் பின்திரையில் சாய்ந்திருந்தது. அதற்கு ஒரு பாட்டுக்கூட ஒதுக்க நேரமில்லை என்று விட்டோம். அவர் தப்பை அடித்தார். அப்படி ஓர் அடியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சபை எழுந்து நின்றது. எங்கள் ஐந்தாறு வருடப் பாட்டுகளுக்கு விழாத கைதட்டு விழுந்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அறிமுகத்துக்கு என் கையில் அதிகாரி தட்டச்சு செய்து கொடுத்த தாள் இருந்தது. பேஸ் கிட்டார் என்று அதில் இல்லை. சேர்த்துச் சொல்ல ஒரு மூச்சு போதும். முன்வரிசையில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாளில் இல்லாததைச் சொன்னால் ஏதாவது பிசகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் எதற்குப் பயந்தேன் என்றே தெரியவில்லை. "தலைமுறை தலைமுறையாகத் தப்பிசைத்து வரும் குடும்பத்தின் வாரிசு" என்று, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன். பெயர்கூட அந்தத் தாளில் இருக்கவில்லை. அவர் காலை முன்னால் எடுத்துவைக்கவில்லை. மண்டபத்தின் கடைசியில் அவருடைய மனைவி பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வெளியே போவது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிட்டாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று மழைகூட இல்லை. கம்பளியும் படங்கும் சுற்றியபடியே என் கையில் கொடுத்தார். அண்ணே, மன்னிச்சிருங்க என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "உள்ள வைங்க தம்பி. ஒங்க வீட்டுல இருந்தா இது கிட்டாரு. எங்க லயத்துல இருந்தா தப்புக்காரன் வீட்டுச் சாமான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொன்னார். அம்மா வழக்கம்போலக் குவளையில் தேநீர் கொண்டுவந்தார். அவர் வாங்கிக் குடித்து, கழுவி, வெளிச்சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

அந்த வருடமே மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வேலைப் பதிவேட்டுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். எங்கள் குழு வேறு ஆளை வைத்துத் தப்படித்துக் கொழும்புக்குப் போனது, பரிசு வாங்கியது. ஒரே ஒரு தடவை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி அவரைத் தேடிப் போனேன். உள்ளே கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்து, பீங்கான் கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். கிட்டாரைச் சுற்றியிருந்ததை அவிழ்க்க விடவில்லை. இடது கை விரல்நுனிகளை மட்டும் நீட்டிக் காட்டினார். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போயிருந்த இடமெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. "எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார். தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. நான் அதைப் பழுதில்லாமல் வைத்திருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்கு வருகிறவர்கள் நீங்கள் பேஸ் வாசிப்பீர்களா என்று கேட்டால், முன்னொரு காலத்தில் என்று சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது பேஸையும் தாளத்தையும் கணினி பார்த்துக்கொள்கிறது. அறையில் இடம் போதவில்லை என்று சொல்லித்தான் இதை விற்க ஒப்புக்கொண்டேன். இடம் இருக்கத்தான் செய்தது.

தேநீரோடு திரும்பி வந்தேன். கொழும்புக்காரர் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். "யாருன்னு சொல்லலையே" என்றார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஐந்தாறு வருடம் மேடைக்கு மேடை இழுத்து இழுத்துச் சொன்ன வரி. வந்ததோ வேறு. "எங்க தோட்டத்துத் தப்புக்காரரோட மகன்" என்றேன்.

கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். தோலில் செய்த அந்த வாத்தியத்தை அவர் கண்டதுமில்லை, அதன் பெயரைக் கேட்டதுமில்லை. எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டு, கொஞ்சம் இரக்கத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படி என்னங்க தப்பு செஞ்சாங்க?"