துறைமுகத் திருடனின் கடைசிக் காட்சி

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில் திருடன் இன்ஸ்பெக்டரின் காலில் விழ வேண்டும். திருடனாக நடித்தவர் என் சித்தப்பா.

பட்டணத்தில் அப்போது அந்தத் துப்பறியும் நாடகத்தைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. தங்கசாலைப் பக்கம் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் நடந்தது. துறைமுகக் கிடங்கிலிருந்து ஒரு பட்டுப் பொதி காணாமல் போகிறது. தொப்பி வைத்த இன்ஸ்பெக்டர் சுத்தத் தமிழில் பேசிப் பேசியே கள்வனைக் கண்டுபிடிக்கிறார். பத்திரிகைகள் புகழ்ந்தன. திருடன் அச்சு அசலாக இருக்கிறான் என்று ஒன்றில் வந்திருந்தது. இல்லாமல் என்ன? சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் பேசியது ராயபுரத்துப் பேச்சு. அதற்காகவே கம்பெனி முதலாளி அவரைத் தேடிப் பிடித்திருந்தார்.

எங்கள் குப்பத்தில் விமர்சனம் வேறு மாதிரி இருந்தது.

“நம்மள மாதிரி பேசுனா ஒண்ணு திருடன், இல்லாங்காட்டி கோமாளி. அந்த இன்ஸ்பெக்டர் வாயில நம்ம பேச்சு நொழயாதா?” என்பார் நைனா.

“ஏன், நம்ம பக்கம் திருடனே இல்லியா? காயப்போட்ட என் பொடவ தானா நடந்து பூட்ச்சா?” என்பாள் அம்மா.

சித்தி இந்த இரண்டு கட்சியிலும் சேரவில்லை. நாடகத்தில் சித்தப்பா எதைத் திருடினாலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. அவள் கவலையெல்லாம் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியது.

காரணம் உண்டு. துறைமுக வேலையைச் சித்தப்பா தானாக விடவில்லை. செப்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனதில் அவர் பெயர் அடிபட்டு, வெளியே அனுப்பிவிட்டார்கள். பேச்சு குப்பத்துப் பஞ்சாயத்து வரை வந்தது. எங்கள் பஞ்சாயத்தில் தப்புச் செய்தவன் கூட்டத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். விழுந்தால் ஒப்புக்கொண்டான் என்று பொருள். விஷயம் அதோடு முடியும். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள் என்பது தனி. சித்தப்பா விழவில்லை. நான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு நின்றார். சாட்சி கிடையாது. பஞ்சாயத்து முடிவு சொல்லாமல் கலைந்தது.

இப்போது நாடகம் ராயபுரத்துக்கு வந்தது. முன் பெஞ்சில் அதே பஞ்சாயத்தார் உட்காரப் போகிறார்கள்.

“தங்கசாலைல நீ எத்தினி வாட்டி வுழுந்தாலும் நான் கேக்கல. இங்க வுழாத” என்றாள் சித்தி.

“அது நாடகம் மே.”

“உனுக்கு நாடகம். குந்திகினு பாக்கறவனுக்கு?”

“வுழலன்னா மொதலாளி என்னை வூட்டுக்கு அனுப்சிருவாரு.”

“அனுப்பட்டும். வூடு இங்கதான கீது.”

எனக்கு எட்டு வயது. மேடைப் பலகையில் முட்டி அடிபடும் என்று சித்தி பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஏனென்றால் வீட்டு ஒத்திகையில் அவர் கயிற்றுப் பாயின் மேல்தான் விழுவார். ஒத்திகைக்கு இன்ஸ்பெக்டர் நான். கையில் அகப்பைத் துப்பாக்கி. சித்தப்பாவின் வசனமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் என் காலில் விழுவதைப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே பெருமையாகச் சொல்லியாயிற்று. மேடையில் விழுவதைப் பார்க்கத் தோழிகள் வேறு வந்திருந்தார்கள்.

அன்று மாலை கொட்டகை நிறைந்துவிட்டது. கடைசிக் காட்சி. “உண்மையை ஒப்புக்கொள்!” என்றார் இன்ஸ்பெக்டர். சித்தப்பா நின்றார். இன்ஸ்பெக்டர் இன்னொரு முறை சொன்னார். சித்தப்பா அப்படியே நின்றார். பக்கத் திரைக்குள்ளிருந்து முதலாளி உள்ளங்கையைத் தரையை நோக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

வசனம் மறந்துவிட்டது என்று எனக்குப் புரிந்துபோயிற்று. எழுந்து நின்று கத்தினேன்: “நாந்தான் எட்தேன் சார்னு சொல்லு சித்தப்பா! வுழு!”

கொட்டகை சிரித்தது. அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சிரிப்பு அடங்கும்வரை சித்தப்பா காத்திருந்தார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்க்காமல் முன் பெஞ்சைப் பார்த்துச் சொன்னார்:

“நான் எடுக்கல. இட்டுகினு போறதுன்னா போ.”

இரண்டு கையையும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் தன் இடுப்பைத் தடவினார். இடுப்பில் தகர விலங்கு இருந்தது. அதை எடுத்து மாட்டினார். திரை விழுந்தது. பஞ்சாயத்துத் தலைவர் மெல்லத் தலையாட்டினார் என்று நைனா பின்னால் பலமுறை சொன்னார். முன் பக்கம் இருட்டாக இருந்தது. நான் பார்க்கவில்லை.

கம்பெனி அவர் இல்லாமலே அடுத்த ஊருக்குப் புறப்பட்டது. மறுநாள் காலை அவர் மணலில் உட்கார்ந்து என் மாமாவின் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மாமாவின் கட்டுமரத்தில் இடம் கிடைத்திருந்தது. நான் கயிற்றுப் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எதிரே விரித்தேன்.

“சொல்லு சித்தப்பா, இன்னொரு வாட்டி பழகலாம்.”

வலையிலிருந்து கையை எடுக்காமல் வசனம் முழுவதையும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னார்.

“நல்லாத்தான சொல்ற? நேத்து ஏன் மறந்த?”

“அவ்ளோ ஜனத்த பாத்தனா, பேஜாராப் பூட்ச்சி” என்றார்.

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சித்தி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சிரித்தாள். புகைக்காக இருமுகிறாள் என்று முதலில் நினைத்தேன்.

ஏன் விழவில்லை என்று பள்ளிக்கூடத்தில் தோழிகள் கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன்: எங்கள் சித்தப்பாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம்.