பெரிலைத் தூக்கி வந்த எட்டுப் பேர்

வில்ஃப் ஆஸ்க்யூ ரக்பியை விட்டு மூன்று வருடமாகியிருந்தது. நாற்பத்தாறு வயது. பால் டேங்கர் லாரி ஓட்டுபவர். ஓஸ்மோர் ஊரில் யாருடைய கார் சேற்றில் புதைந்தாலும், யார் வீட்டு மரம் காற்றில் சாய்ந்தாலும் முதலில் தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவுதான். முகம் சுளிக்காமல் போய்ச் செய்துகொடுப்பார். ஆனால் அவருக்கு ஒன்று செய்ய யாராவது வந்துவிட்டால் மட்டும் மனிதருக்கு உடம்பு கூசும். கதவைப் பாதி மூடிக்கொண்டே, “பரவால்ல, நானே பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிடுவார்.

அந்த ஆகஸ்டுக் கடைசியில் கதவைத் தட்டியவன் லோமாக்ஸ், ஓஸ்மோர் அணியின் கேப்டன். முன்வரிசைக்காரர் மூவரில் ஒருவன் கனடாவுக்குக் கிளம்பிவிட்டான், இன்னொருவனுக்கு முழங்கால் போய்விட்டது. ஸ்க்ரம் என்பது எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து, தலையோடு தலை கோத்து, மோதித் தள்ளுகிற விஷயம். அதில் முன்வரிசையில் நிற்கத் தெரியாதவனை நிறுத்தினால் கழுத்து முறிந்துவிடும்.

“வில்ஃப் அண்ணே, சும்மா மாத்தாளா பெஞ்சுல உக்காந்தா போதும். பேருக்குத்தான்” என்றான் லோமாக்ஸ்.

உள்ளேயிருந்து மனைவி பெரிலின் குரல் வந்தது. “பேருக்குன்னு கூட்டிட்டுப் போய் என்கிட்ட உடம்பத் திருப்பிக் குடுப்பீங்க. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினாலே பத்து நிமிஷம் முனகுற ஆளு அவரு!”

“லேஸ நாங்க கட்டி விடறோம் அக்கா.”

பெரில் சிரித்துவிட்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நூறு பிள்ளைகளைச் சமாளிக்கிறவள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

முதல் சனிக்கிழமையே பெஞ்சு மறந்துபோயிற்று. வில்ஃப் முழு ஆட்டமும் ஆடினார். திங்கட்கிழமை லாரியில் ஏற இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஆனால் பண்ணைகளுக்குப் போகும் வழியெல்லாம் தன்னையறியாமல் சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அணி தோற்றுக்கொண்டேயிருந்தது. லீக்கின் அடிமட்டப் பிரிவுகளில் ஒன்று அது. அதிலும் பட்டியலின் கடைசிக்கு முந்தைய இடம். அக்டோபரில் பக்கத்து ஊரான மார்த்விக்கில் போய் ஆடியபோது, எதிர் முன்வரிசையில் நின்றவர் டென்சில் கார்பட். கசாப்புக் கடைக்காரர். பீப்பாய் உடம்பு, கசங்கிப்போன காது. இருவரும் இருபது வருடங்களாக ஒருவர் தோளில் ஒருவர் தலையை முட்டி வந்தவர்கள். ஆட்டத்துக்கு வெளியே பேசிக்கொண்டது குறைவு.

“நீ செத்துட்டன்னுல்ல நெனச்சேன்” என்றார் டென்சில், முதல் ஸ்க்ரமுக்குக் குனிந்தபோது.

“உன் கடை கறியத் தின்னிருந்தா செத்திருப்பேன்.”

அன்றும் ஓஸ்மோர் தோற்றது.

பிப்ரவரியில் பெரிலுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை லீம் ஆறு கரையை மீறியது. சனிக்கிழமை காலையில் ஆஸ்க்யூ வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மின்சாரம் இல்லை, கணப்பு இல்லை. மாடி அறையில் பெரில் மூன்று கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். காலை மடக்கக் கூடாது, திருப்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தக் குறுகலான மாடிப்படியில் வில்ஃப் ஒருவரே அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க வழியே இல்லை. தீயணைப்புப் படகு ஊரின் மறு கோடியில் முதியோர் இல்லத்தில் இருந்தது. எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் மார்த்விக் அணி ஓஸ்மோருக்கு வந்து ஆட வேண்டிய நாள். தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்ததால் ஆட்டம் ரத்து என்ற செய்தி அவர்களுக்குப் போகவில்லை. மேட்டிலிருந்த கிளப் கட்டிடத்தின் முன்னால் பஸ் வந்து நின்றது. மைதானம் ஏரியாகக் கிடந்தது. லோமாக்ஸ் கையைப் பிசைந்துகொண்டு நடந்ததைச் சொன்னான். வில்ஃபின் நிலைமையையும் சொன்னான்.

மாடி ஜன்னலிலிருந்து வில்ஃப் பார்த்தபோது தெருத் தண்ணீரில் எட்டுத் தடியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் ஆட்டத்துக்கான அரைக்கால் சட்டையில் இருந்தார்கள். முன்னால் டென்சில்.

“டென்சில், பரவால்ல, நானே பாத்துக்கறேன்” என்று வில்ஃப் கத்தினார்.

“வாய மூடுறா கிழட்டுப் பயலே! உன்ன யாரு கேட்டா? நாங்க அம்மணியப் பாக்க வந்திருக்கோம்.”

மாடி அறைக் கதவைக் கழற்றினார்கள். மெத்தையை அதன்மேல் போட்டு, பெரிலைப் படுக்க வைத்து, கழுத்துத் துண்டுகளால் கட்டினார்கள். படியில் தலைப்பக்கம் டென்சில், கால்பக்கம் வில்ஃப். நடுவில் மற்றவர்கள் பக்கவாட்டாக நசுங்கிக்கொண்டு வந்தார்கள். டென்சில் ஒவ்வொரு படிக்கும் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே மூச்சில் இறங்கினார்கள்.

“இருவது வருஷமா எம் புருஷன் கழுத்தத் திருகினவன் நீதானா?” என்றாள் பெரில், தலையை உயர்த்தி.

“நான்தாம்மா.”

“என்னக் கீழ போட்டேன்னா உன் கழுத்த நான் திருகுவேன்.”

“போட மாட்டேன் அம்மணி. உங்க புருஷனவிட நீங்க கனம் கம்மி.”

தெருவில் கதவைத் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு நடந்தார்கள். அக்கம்பக்கத்து ஜன்னல்களிலிருந்து ஆட்கள் கை தட்டினார்கள். பெரில் படுத்தபடியே கையசைத்தாள். கிளப்பில் அடுப்பின் பக்கத்தில் இறக்கி, கையில் சூடான தேநீரைக் கொடுத்த பிறகும் அந்த எட்டுப் பேர் உட்காரவில்லை. திரும்பிப் போய், நனைந்த சோபாவையும் அலமாரியையும் மாடிக்கும் மேட்டுக்கும் சுமந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கென்று சுட்டு வைத்திருந்த, மாவுக்குள் இறைச்சி அடைத்த ‘பை’ என்னும் பலகாரம் ஆறிப்போயிற்று. அப்படியே தின்றுவிட்டு, சேற்றுக் காலோடு பஸ் ஏறினார்கள்.

வில்ஃப் பஸ் வாசல்வரை போனார். ஏதாவது சொல்ல வேண்டும். டென்சிலைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். டென்சிலும் ஆட்டினார். பஸ் போய்விட்டது.

நின்றுபோன அந்த ஆட்டத்தை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். அதற்குள் ஓஸ்மோர் எப்படியோ சில ஆட்டங்களை வென்றிருந்தது, மார்த்விக் சறுக்கியிருந்தது. சீசனின் கடைசி ஆட்டமாக இது வந்து நின்றபோது கணக்கு எளிது. வெல்கிறவர்கள் பிரிவில் இருப்பார்கள், தோற்கிறவர்கள் கீழே இறங்குவார்கள்.

அந்த வாரம் முழுக்க வில்ஃபுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“என்னன்னு சொல்லு” என்றாள் பெரில்.

“அவங்களப் போய் எப்படி பெரில் நான் கீழ தள்ளுவேன்?”

“என்னத் தூக்கிட்டு வந்தப்ப அவங்க பாதி பலத்தோடயா தூக்கினாங்க?”

வில்ஃப் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஊரே மைதான ஓரத்தில் நின்றது. பெரில் கைத்தடியோடு வந்திருந்தாள். ஓஸ்மோர் ஓடினாலும் “ஓடு, ஓடு!” என்று கத்தினாள், மார்த்விக் ஓடினாலும் கத்தினாள். பக்கத்திலிருந்தவர்கள் முறைத்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

முதல் ஸ்க்ரமில் டென்சிலின் காது வில்ஃபின் கன்னத்தில் உரசியது. “ஒழுங்காத் தள்ளு. கொஞ்சம் எளகினாலும் எனக்குத் தெரிஞ்சிடும்” என்று உறுமினார் டென்சில்.

“தள்ளத்தானே வந்திருக்கேன்.”

தள்ளினார்கள். சேறு பறந்தது. பாதி ஆட்டத்துக்குள் வில்ஃபின் மூக்கில் ரத்தம், டென்சிலின் புருவத்தில் கிழிசல். ஆட்டம் முடியும் தறுவாயில் மார்த்விக் நான்கு புள்ளி முன்னால் இருந்தது. அவர்களுடைய கோட்டுக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் ஓஸ்மோருக்கு ஒரு ஸ்க்ரம் கிடைத்தது. பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றிவிட்டால் ஐந்து புள்ளி.

வில்ஃப் குனிந்தார். லோமாக்ஸ் பின்னாலிருந்து, “அண்ணே, இந்த ஒண்ணு மட்டும்!” என்றான். பந்து உள்ளே விழுந்தது. ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு டென்சிலின் தோள் ஒரு விரற்கடை மேலே எழும்பியதை வில்ஃப் உணர்ந்தார். அந்த இடைவெளிக்குள் தன் தோளைக் கொடுத்து, மூச்சை விட்டு, இருந்த பலத்தையெல்லாம் கால்களுக்கு இறக்கினார். மார்த்விக் வரிசை பின்னால் வழுக்கியது. குவியலாகக் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள். அடியில் லோமாக்ஸ் பந்தின்மேல் கிடந்தான். நடுவர் கையை உயர்த்தினார். அதற்குப் பின் கிடைத்த கூடுதல் புள்ளிக்கான உதை தவறிப் போனது, ஆனால் அந்த ஒரு புள்ளி முன்னிலையே போதுமாயிருந்தது.

எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது வில்ஃப் சேற்றில் மல்லாந்து கிடந்த டென்சிலிடம் கையை நீட்டினார். டென்சில் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

“பாவி, கழுத்த ஒடிச்சிட்டியேடா” என்றார். அப்புறம் வில்ஃபின் தோளில் நெற்றியை வைத்தார். “நீ மட்டும் விட்டுக் குடுத்திருந்தா மூஞ்சில துப்பியிருப்பேன்.”

கிளப்பில் வழக்கம்போல இரண்டு அணிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ‘பை’யும் பட்டாணியும் தின்றார்கள். மார்த்விக் ஆட்கள் தங்கள் மேசையில் தட்டைப் பார்த்துக் குனிந்தே இருந்தார்கள். லோமாக்ஸ் ஏதோ பேச எழுந்தான். அதற்குள் வில்ஃப் எழுந்துவிட்டார். மூக்கில் பஞ்சு. பெரிலே வாயைத் திறந்தபடி பார்த்தாள். கூட்டத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“எனக்குப் பேச வராது” என்றார். “பிப்ரவரில நீங்க எட்டுப் பேரும் வந்தப்ப, வேண்டாம்னுதான் சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்லுவேன். நீங்க கேக்கல. அதனாலதான் இவ இன்னிக்கு வெளில நின்னு ரெண்டு பக்கமும் கத்திட்டிருந்தா.” சிரிப்பு எழுந்தது. அவர் நிற்கவில்லை. “அன்னிக்கு பஸ் வாசல்ல சொல்லியிருக்கணும். தைரியம் வரல. இப்ப சொல்றேன். ரொம்ப நன்றி. உங்க எல்லாருக்கும்.”

மார்த்விக் மேசையில் யாரோ கையால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். பிறகு அறை முழுவதும் தட்டியது.

வில்ஃப் அத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார், இம்முறை நிஜமாகவே. செப்டம்பரில் ஒரு பிரிவு கீழே போய்விட்ட மார்த்விக்கின் முதல் ஆட்டத்துக்கு அவரும் பெரிலும் காரில் போனார்கள். தூறலில் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். ஒரு பெண் வந்து, முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டி, “அக்காவுக்குக் கால் வலிக்குமே, உக்காருங்க. உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?” என்று கேட்டாள்.

“கொண்டு வாம்மா” என்றார் வில்ஃப்.