முட்டுச்சந்து அக்கா

சுண்டெலியின் மூளையில் முட்டுச்சந்து கிடையாது. அந்த ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்; தொண்டை கிழியச் சொல்பவள் ஒருத்திதான். முன்பு ஏதோ அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். இங்கே வந்த முதல் நாள், திரையில் தெரிந்த மூளையைப் பார்த்துப் பிளந்த வாயை இன்னும் மூடவில்லை.

மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டிப் படமெடுத்து, கணினியில் அடுக்கி, இரத்தக் குழாய்களின் மேல் கோடு இழுப்பது அவள் வேலை. முடியை விட மெல்லிய குழாய்கூடப் பிரிந்து, வளைந்து, கடைசியில் இன்னொன்றோடு சேர்ந்தே தீரும். எங்காவது ஒன்று அந்தரத்தில் நின்றால், "முட்டுச்சந்து!" என்று கூடமே அதிரக் கத்துவாள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்த வாரம் அவள் கத்தவில்லை. ஒரு வருடமாக வரைந்துவந்த மூளையை ஒரே ஒரு சீவல் கவிழ்த்துவிட்டிருந்தது. அதன் குழாய்களில் ஒன்றுகூட மேல் சீவலோடும் சேரவில்லை, கீழ்ச் சீவலோடும் சேரவில்லை.

"நசுங்கியிருக்கும். நாளைக்கும் சேரலேன்னா இந்த மூளையவே விட்டுடலாம்," என்றார் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம்.

ஒரு வருட உழைப்பு! அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய கணவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னங்க சிரிப்பு? இங்க என் பொழப்பே சிரிப்பா சிரிக்குது."

"ஸ்வெட்டரை உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கியேம்மா. தையலெல்லாம் தெரியுது."

குனிந்து பார்த்தாள். இடப்பக்கத்துப் பை வலப்பக்கம் போய் உள்ளே ஒளிந்திருந்தது. பார்த்தவள் பார்த்தபடி நின்றாள்.

"ஐயையோ, நான்தாங்க!" என்று ஓட்டம் பிடித்தாள்.

"சாப்பாட்டுப் பையை எடுத்துட்டுப் போ!" என்று அவர் கத்தியது காற்றோடு போயிற்று.

கணினியில் அந்தச் சீவலின் படத்தை இடவலம் மாற்றிப் போட்டாள். அவ்வளவுதான். இத்தனை நாள் முறைத்துக்கொண்டு நின்ற குழாய்களெல்லாம் மேலும் கீழும் கை கோத்துக்கொண்டன. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"முட்டுச்சந்தே இல்ல!"

கூடம் அதிர்ந்தது. மேடம் ஓடி வந்தார்.

"சீவலைக் கண்ணாடியில குப்புற ஒட்டியிருக்கேன், மேடம். வேற யாருமில்ல, நானேதான்!"

பரிசு வாங்கியவள் போல அவள் சொன்ன அழகில், திட்ட வாயெடுத்த மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சரி, அந்த ஸ்வெட்டரையாவது திருப்பிப் போடு."

"இன்னிக்கு மட்டும் இப்படியே இருக்கட்டும், மேடம்," என்று சொல்லிவிட்டு, திரையில் அடுத்த குழாயைப் பிடித்துக்கொண்டு போனாள்.