கோட்டைக் குரங்குகளும் நர்மதாவும்

சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மதில்மேல் வைத்தபடிதான் நர்மதா சாப்பிடுவார். ஒரு வாய் சோறு, ஒரு பார்வை. இடது கைக்கு எட்டும் தூரத்தில் கூழாங்கற்கள் குவிந்திருக்கும். குரங்கின் மேல் எறியமாட்டார். மதிலில் பட்டுச் சத்தம் வந்தால் போதும். "மேல பட்டுச்சுன்னா வஞ்சம் வச்சிக்கும் சார். கூட்டத்தோட வந்து ஓட்டப் பிரிச்சிப் போட்டுடும்" என்பார். பெரம்பலூர் பக்கத்து ரஞ்சன்குடிக்கு வந்து கற்றுக்கொண்ட பாடம் அது.

அதுவரைக்கும் கோத்தகிரிதான் அவருக்கு ஊர். கணவர் தமிழழகன் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் நர்மதா கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் போட்டு, கடையில் காய் வாங்காமலே குடும்பம் நடத்தினார். பிள்ளைகள் இல்லை. தமிழழகனுக்குத் தொண்டையில் புற்று வந்தது. வேலை போனதும் குடியிருப்பும் போனது. மிச்சம் இருந்தது, கோட்டைக்குக் கீழே எங்கள் தெருவில் கணவருடைய பூர்வீக ஓட்டு வீடும் அதன் கொல்லையும்தான்.

சித்திரையில் வந்து இறங்கினார்கள். மறுவாரமே நர்மதா கேரட் விதை தூவினார். எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டேன். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் போன இடம் தெரியவில்லை. தப்பி முளைத்த நாலைந்தும் மதியத்துக்குள் கருகின. "மலையில வெயிலத் தேடி நாங்க போவோம் சார். இங்க அது நம்மளத் தொரத்திக்கிட்டு வருது" என்றார்.

ஆனால் விடவில்லை. பழைய புடவைகளைக் கட்டி நிழல் செய்தார். கேரட்டை மறந்து கத்தரிக்கும் கொத்தவரைக்கும் மாறினார். காய் பிடித்த பிறகுதான் மற்றவர்களும் வந்தார்கள். விடியலில் மயில்கள் பிஞ்சைக் கொத்தின. வெயில் ஏறியதும் கோட்டையிலிருந்து குரங்குகள் இறங்கின. அந்த வருடம் மழை பொய்த்து, மேலே குட்டைகூட வறண்டிருந்தது. "கோத்தகிரியில காட்டெரும வரும், பன்னி வரும். தின்னுட்டுப் போயிடும். இதுங்க ஒரு கடி கடிச்சி எறிஞ்சிட்டு அடுத்ததப் பறிக்குதுங்க."

ஐப்பசி வாக்கில் தமிழழகனுக்குக் கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. ஒருநாள் மெல்லக் கேட்டார்: "நம்ம வூட்டு பீன்ஸ ஒருவாட்டி மசிச்சிக் குடு புள்ள."

"பெரம்பலூர் போயி வாங்கியாறேங்க."

"கடக்காய் வேணாம். நீ போட்டது."

வீட்டு நிழல் விழும் பக்கமாக நர்மதா பீன்ஸ் ஊன்றினார். மார்கழிப் பனியில் பூ உதிராமல் நின்றது. பிஞ்சும் விட்டது. மேலே வலை கட்டினார். ஒரே வாரத்தில் அதைக் குரங்குகள் இரண்டு இடத்தில் கிழித்தன.

பக்கத்துக் கொல்லையில் மக்காச்சோளம் போட்டிருந்த காசிநாதன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். பயிருக்குப் போடும் குருணை மருந்து. "வாழப்பழத்துல வச்சிடு தங்கச்சி. ரெண்டு செத்தா மத்தது இந்தப் பக்கம் தலவச்சிப் படுக்காது." நர்மதா வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் மதில்மேல் வரிசையாக வாழைப்பழம் இருந்தது. கூட்டம் இறங்கியது. முன்னால் வந்தது எலும்பும் தோலுமாக ஒரு பெண் குரங்கு. வயிற்றைப் பற்றியபடி குட்டி. அது கையை நீட்டியதுதான் தாமதம், உள்ளேயிருந்து நர்மதா அலறிக்கொண்டு ஓடிவந்தார். கையில் கிடைத்த வாளியை வீசினார். குரங்குகள் சிதறி ஓடின. பழங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி, கடப்பாரையால் ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். பிறகு சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினார்.

மாடியிலிருந்து இறங்கிப் போய், "ஏம்மா?" என்று கேட்டேன்.

"உள்ள ஒருத்தரு முழுங்க முடியாமச் செத்துக்கிட்டு இருக்காரு. வெளிய ஒண்ண முழுங்க வச்சிச் சாவடிக்கவா சார்?"

அன்றிலிருந்து கம்போடு பாத்திக்கு அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். காய் திரளும் நேரத்தில் தமிழழகனுக்கு வாயில் ரத்தம் வந்தது. ஆம்புலன்சில் ஏறிப் பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வந்து பார்த்தால், வலை கந்தலாகக் கிடந்தது. கொடியில் காய் இல்லை. பல இடங்களில் கொடியே இல்லை.

நர்மதா மண்டியிட்டு மண்ணில் கிடந்த கடித்த காய்களைத் தேடி எடுத்தார். பல் பட்ட இடத்தை அரிந்து எறிந்துவிட்டு, மீந்ததை வேகவைத்து மசித்து வடிகட்டினார். ஒரு கரண்டிகூடத் தேறாது. தமிழழகனால் அதையும் விழுங்க முடியவில்லை. நர்மதா விரலால் தொட்டு அவர் உதட்டில் தடவினார்.

"உப்பு போதுமாங்க?"

தமிழழகன் கண்ணை மூடித் திறந்தார். தை பிறக்கும் முன் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தில் மதில்மேல் இலை போட்டுப் படையல் வைத்தார்கள். உறவினர்கள் "கா... கா..." என்று கூப்பிட்டார்கள். காக்கை வரவில்லை. கோட்டைப் பக்கமிருந்து ஒரு குரங்கு தாவி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்து, சோற்றை அள்ளியது. "அபசகுனம்" என்று யாரோ கத்தினார்கள். காசிநாதன் கழியை ஓங்கினார். தலை ஈரம் காயாமல் நின்றிருந்த நர்மதா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். குரங்கு இலையை வழித்து முடிக்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.