இளைத்தவனுக்குப் பெண் கொடுப்பதில்லை

என் அப்பாவுக்கு விருதுநகரில் வத்தல், மல்லி கமிஷன் கடை. அந்தச் சந்தையில் ஆளின் வயிற்றை வைத்துக் கடையை மதிப்பிடுவார்கள். வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வத்தல் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பதுபோல, புதிதாக வந்தவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள். அப்பாவுக்கு நல்ல தொந்தி. எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே அதற்கு ஈடான தொந்தி இருந்தது. சரக்கு வராத மத்தியானங்களில் மூட்டை சுமப்பவர்கள் என்னைத் தூக்கித் தராசுத் தட்டில் உட்காரவைத்து, மறுதட்டில் படிக்கல் ஏற்றுவார்கள். "மொதலாளி, இந்த மூட்டைக்குச் சாக்கு எடை கழிக்கணுமா?" என்று ஒருவர் கேட்பார். அப்பா சிரிப்பார். அவருக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. கடைக்கு நான் ஒரு விளம்பரம்.

எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. பள்ளியில் பெஞ்சின் ஓரத்தில் எனக்கு இடம் இல்லை. நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் பையன்கள் முணுமுணுப்பார்கள். உடம்பைக் குறைக்க நான் செய்யாதது இல்லை. வெள்ளிக்கிழமை பட்டினி, கொள்ளு ரசம், வெந்நீரில் தேன், மதுரை வைத்தியர் ஒருவர் கொடுத்த கசாயம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சதை போனது. போன சதை இரண்டு மாதம் கழித்துச் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. காலேஜை முடித்துக் கடையில் உட்கார்ந்தபோது, நான் அப்பாவையே தாண்டியிருந்தேன்.

கடையில் வியாபாரம் நடக்கும் விதமும் அதற்குத் தோதாக இருந்தது. வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டுக்குள் கையை நுழைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பேசி முடிந்ததும் கிளப்புக் கடையிலிருந்து வடையும் சேவும் காப்பியும் வரும். இரண்டு தரப்பும் சேர்ந்து தின்ன வேண்டும். தின்னாமல் எழுந்தால் விலையில் திருப்தி இல்லை என்று பொருள். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை தட்டு. இரவில் கடையை அடைத்த பிறகு, எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டா தனி. இருபத்தைந்து வயதுக்குள் நான் பசித்துச் சாப்பிட்ட வேளைகள் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும்.

கடையில் இருந்துகொண்டே மதுரை நாளிதழ் ஒன்றுக்கு உள்ளூர் நிருபராகவும் இருந்தேன். சந்தை விலை, மழை, விபத்து ஆகியவற்றை எழுதி பஸ்ஸில் அனுப்புவது வேலை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்ததாகச் செய்தி வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வழியாகக் கொஞ்ச தூரம்தான் நடக்க வேண்டும். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. கொட்டகையை நெருங்கியபோது கண் இருண்டு, ஒரு கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை.

அங்கே நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குனிந்து, "உங்க ஆளு யாரு, உள்ள?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று தலையசைத்தேன். அவர் நம்பவில்லை. "பயப்படாதீக. எங்க வீட்டுக்காரரும் அங்கனதான் வேலைக்குப் போனாரு. இன்னும் காணல" என்று சொல்லி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் கணவர் வேறு கொட்டகையில் இருந்து, தலை முழுக்கச் சாம்பலோடு உயிரோடு வந்து சேர்ந்தார். ஆனால் அதுவரைக்கும், புருஷனைத் தேடி வந்தவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். செய்தி எழுத வந்தவன் நான்.

அன்று மதுரைக்கு அனுப்பிய செய்தியில் இதெல்லாம் வரவில்லை. ஆனால் பத்திரிகைக்காரனின் கேள்விகளை முதல்முறையாக என் தட்டை நோக்கித் திருப்பினேன். யார் தின்றது, என்ன, எப்போது, எங்கே: எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எதற்காக என்பதற்கு மட்டும் இல்லை. யாரோ வந்தார்கள், அதனால் தின்றேன். விலை படிந்தது, தின்றேன். விலை படியவில்லை, அதற்கும் தின்றேன். கசாயமும் பட்டினியும் ஏன் பலிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. மாதக்கணக்கில் மருந்து குடித்துவிட்டு மறுபடியும் அதே இடத்தில், அதே தட்டுக்கு முன்னால்தான் போய் உட்கார்ந்தேன். மாற வேண்டியது அந்த இடம்.

அப்பாவிடம் கேட்டு, கடையில் உட்காரும் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சரக்குப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். வெம்பக்கோட்டை, ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களுக்குப் பஸ் போகும்வரை பஸ். அதற்கப்பால் நடை. முதல் மாதம் நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தேன். பிறகு குறைந்தது. காலையில் கம்பங்கூழும் வெங்காயமும், மத்தியானம் சோறு, இருட்டுவதற்குள் ஏதாவது கொஞ்சம். யார் வீடானாலும் பசித்தால் சாப்பிட உட்காருவேன். பசிக்காவிட்டால் மோர் மட்டும். பரோட்டாக் கடை வழியாக வருவதை நிறுத்திக்கொண்டேன். அந்த வாசனை எனக்கு எட்டாத தெருவில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இதில் வீரம் ஒன்றும் கிடையாது. வாசனைக்கு எதிரே நின்று நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

உடம்பு மெதுவாக இறங்கியது. முன்போலத் திரும்பி வரவில்லை. இரண்டு வருஷத்தில் பழைய சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போல இருந்தது. நான் பெருமையாகச் சந்தைக்குள் நடந்தேன். சந்தை வேறு மாதிரி கணக்குப் போட்டது.

முதலில் கடை சரிந்துவிட்டது என்றார்கள். அப்பா மல்லி லோடு ஒன்றைப் பெரிதாக எடுத்ததும் அந்தப் பேச்சு நின்றது. பிறகு வந்தது அதைவிட மோசம். மகனுக்கு நெஞ்சில் நோய். அதனால்தான் ஊர் ஊராகக் காற்று மாற்றிக்கொண்டு திரிகிறான். க்ஷயம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நான் இருமினால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சிவகாசியிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. பெண்ணின் அப்பா பட்டாசுக் கம்பெனி முதலாளி, அப்பாவுக்குப் பழக்கமானவர். பெண்ணை நான் பார்த்தாகிவிட்டது. பெரிய சாக்கு மூட்டைபோல இருந்தபோது வந்த இரண்டு இடத்துப் பெண்களும் என்னைக் கண்டதும் உள்ளே போய்ச் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நான் எந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன், எழுதுவது நான்தான் என்று யாருக்காவது தெரியுமா என்று தன் அத்தையை விட்டுக் கேட்டார். எனக்கு அந்த இடத்தை விட மனம் இல்லை.

பெண்ணின் அப்பா கடைக்கு வந்து என்னை நெடுநேரம் பார்த்தார். டாக்டர் கொடுத்த சான்றிதழை அப்பா நீட்டினார். அவர் வாங்கவே இல்லை. அவருடைய அண்ணன் நெஞ்சு நோயில் போனவர் என்பதை அன்றுதான் சொன்னார். "அவரும் இப்பிடித்தான் தம்பி, மொதல்ல எளைச்சாரு. நல்லாத்தான் இருக்கேன்னாரு. காகிதத்த யாரு பாப்பா? ஊரு ஒடம்பத்தான் பாக்கும்" என்றார். தை பிறப்பதற்குள் பழைய உடம்பு திரும்பினால் நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. கல்யாணம் முடியும்வரை தின்று தொலை, அதற்கப்புறம் உன் இஷ்டம்போல் இளைத்துக்கொள் என்றார். அம்மா அன்று மாலையே நெய் உருக்கினார். என் தட்டில் நான் கேட்காத சோறு குவிந்தது. நான் பாதியில் கை கழுவினேன். அம்மா அழுதார். ஒரு வாரம் வீட்டில் யாரும் நேராகப் பேசவில்லை. எனக்கு என்னைத் தெரியும். கல்யாணத்துக்காக ஒரு மாதம் தின்றால், அதற்கப்புறம் சீமந்தத்துக்காக, அதற்கப்புறம் தீபாவளிக்காக. ஏறின உடம்பு எனக்கு எந்த நாளும் சொன்ன தேதியில் இறங்கியதில்லை.

மார்கழிக் கடைசியில், சிவகாசிக்கு நடந்தே வருகிறேன் என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். நோயாளி அம்புட்டுத் தூரம் நடக்க மாட்டான். நடக்கிறதை ஊர் பார்க்கட்டும். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா மறுக்கவில்லை. நடுவழியில் பஸ் ஏறிக்கொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைக் கண்காணிக்கத் தன் கம்பெனிக் கணக்கப்பிள்ளையை முந்தின நாளே சைக்கிளோடு அனுப்பிவைத்தார்.

விடிந்ததும் கிளம்பினேன். கணக்கப்பிள்ளை கொஞ்சம் பின்னால் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்க்காதது போல வர வேண்டும் என்று அவருக்கு உத்தரவு போலிருக்கிறது; நான் திரும்பினால் அவர் பனைமரத்தைப் பார்த்தார். நடக்கிறவன் பின்னால் சைக்கிளை உருட்டாமல் மிதிப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று தெரிந்துகொண்டிருப்பார். ஆமத்தூரைத் தாண்டியதும் சைக்கிளின் பின்சக்கரம் காற்றிறங்கியது. அந்த இடத்தில் ஒட்டுப் போட ஆள் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பஸ் ஒன்று போனது. நின்று, அதை ஏக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க ஏறிப் போங்க. நான் ஏறலன்னு சத்தியமாச் சொல்லுதேன்" என்றேன்.

"ஏறலாம். அங்கன போய் நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

அதன்பின் சேர்ந்தே நடந்தோம். அவர் செருப்பு கடித்தது என்று கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். திருத்தங்கல் தாண்டியபோது காற்றில் கந்தக வாடை வந்தது. வெயிலில் காயவைத்த வண்ணத்தாள்களும், கையெல்லாம் பச்சையும் சிவப்புமாகச் சாயம் படிந்த பெண்களும் தென்பட்டார்கள். ஊருக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் வலித்தது, நல்ல பசி எடுத்தது. வேறொன்றும் இல்லை. கணக்கப்பிள்ளை நொண்டினார்.

வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இலை போட்டார்கள். எல்லாக் கண்ணும் என் இலையில்தான். பசி உண்மையாக இருந்ததால் நன்றாகச் சாப்பிட்டேன். குழம்பு, ரசம், மோர். பிறகு மறுபடி சோறு வந்தது. கையை இலைமேல் குறுக்கே வைத்தேன்.

"இம்புட்டுத்தானா தம்பி?" என்றார் பெண்ணின் அப்பா.

"இம்புட்டுத்தான் மாமா."

"நாளைக்கு எம் மக உங்க வீட்டுக்கு வந்து, அவளும் இம்புட்டுத்தான் திங்கணுமோ?"

கூடத்தில் சிரிப்பு எழுந்து, அவர் சிரிக்காததால் அடங்கியது. இதுவும் அவருடைய பயங்களில் ஒன்று என்று அப்போதுதான் தெரிந்தது. அவுக பசிக்கு அவுக சாப்பிடட்டும், என் பசிக்கு நான் என்றேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன். நான் பழைய உடம்புக்குத் திரும்பப் போவதில்லை. தையிலும் இல்லை, எந்த மாதத்திலும் இல்லை. அது சம்மதமில்லையென்றால், வந்த வழியே நடந்து போய்விடுகிறேன்.

வாசல் நடையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த கணக்கப்பிள்ளைதான் பேசினார். தன் உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார், கொப்புளம் உடைந்திருந்தது.

"மொதலாளி, இவுகளுக்கு நோயின்னா, மொதல்ல என்னையத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

பெண்ணின் அப்பா அந்தக் காலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா யோசனையா என்று எனக்கு இன்றுவரை தீர்மானமில்லை. அண்ணனை நினைத்திருக்கலாம். பிறகு உள்பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு இன்னொரு செம்பு மோரு கொண்டாங்க. சோறு போடாதீக" என்றார். அதுவரை அவர் வாயில் நான் தம்பிதான்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அப்பா தையல்காரரிடம் எனக்குத் தொளதொளவென்று ஒரு ஜிப்பா தைக்கச் சொல்லியிருந்தார், உள்ளே இரண்டு பனியன் போட்டுக்கொள்ளவும் சொன்னார். நான் என் அளவுக்கு வேறொன்று தைத்துப் போட்டுக்கொண்டேன். விருதுநகரிலிருந்து வந்தவர்கள் பந்தியில் குசுகுசுத்தார்கள். குசுகுசுத்துக்கொண்டே இரண்டு தடவை பாயசம் வாங்கினார்கள்.

பரோட்டா ஆசை போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு: போகவில்லை. இப்போதும் அந்தத் தெருவில் நான் போவதில்லை. நடக்காத நாளில் கை தானாக ஏதாவது டப்பாவைத் தேடுகிறது. அதனால் நடக்கிறேன். பேச்சும் முழுதாக ஓயவில்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, சாத்தூர்த் தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வடைத் தட்டை நான் தொடாததைப் பார்த்து, என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

"என்ன தாயி, வீட்டுக்காரருக்குச் சோறு போடுறதே இல்லையோ?"

"போடத்தான் செய்யுதேன். அவுகதான் தட்ட நகட்டிர்றாக" என்றார் அவர். "அதுக்காக நானும் எளைக்க முடியுமா?"

என் பங்கு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டே, தரகருக்குக் காப்பி ஆற்றினார்.