லொடலொடத்த தகடுகள்

பாலிடெக்னிக் கண்காட்சிக்கு நான் செய்த சின்னக் காருக்கு மேல்கூடு கிடையாது, சேசிஸ் மட்டும்தான். ப்ளைவுட் பலகையில் காடி வெட்டி, அதன் இருபுறமும் செம்புப் பட்டை ஒட்டிய ஓடுதளம் அங்கே இருந்தது. காரின் அடியில் இருக்கும் நாக்கு காடிக்குள் இறங்கி வழி பிடிக்கும். மோட்டாருக்குக் கரண்ட் அந்தச் செம்புப் பட்டையிலிருந்து வரும். பத்துச் சுற்று விழாமல் ஓடினால்தான் காரைக் கண்காட்சியில் வைப்பார்கள். வாய்ப்பு இரண்டு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவளும் நான் ஒருத்திதான்.

பித்தளைப் பட்டையை அறுத்துச் சட்டமாக்கி, சைக்கிள் கம்பியை அச்சாக்கி, பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரைப் பொருத்தினேன். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன்மேல் சேசிஸை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் பஸ் டிக்கெட்டைச் செருகிப் பார்ப்பேன். டிக்கெட் நுழைந்தால் அந்தச் சக்கரம் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தை லேசாக முறுக்கிவிட்டு மறுபடி செருகுவேன்.

சட்டத்தின் இருபுறமும் வைத்த பக்கத் தகடுகள் இரண்டிலும் என் பற்றவைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. லொடலொடத்தன. ஆனாலும் ஒத்திகையில் கார் விழவே இல்லை. அடியில் ஒட்டிய ஈயத்தின் கனம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

தேர்வு ஓட்டத்துக்கு முந்தைய நாள், மில்லில் நூல் சுற்றும் வேலையிலிருந்து திரும்பிய அம்மா காரைக் கையில் எடுத்துக் குலுக்கினாள்.

"ஏட்டி, இம்புட்டு லொடலொடங்குதே. மில்லுல மெஷின் இப்படிச் சத்தம் போட்டா ஃபிட்டரைக் கூப்பிடுவாக."

எனக்குச் சுருக்கென்றது. உடனே இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பற்றவைத்தேன். சத்தம் நின்றது. இணைப்பு பளபளவென்று இருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மா வந்து பின்வரிசையில் நின்றாள். இரண்டாவது சுற்றின் வளைவிலேயே கார் காடியை விட்டுத் துள்ளிக் கீழே விழுந்தது.

"ஏலே, வண்டி பறக்குது பாரு! பைலட்டுக்குப் படிக்கா போல."

வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. நேற்றிலிருந்து மாறியது ஒன்றே ஒன்றுதான். தகடுகளின் ஆட்டம்தான் வளைவில் சக்கரங்களைத் தரையோடு வைத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"செத்த நேரம் குடுங்க, சார்" என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

"இன்னும் ஒரு வாட்டிதாம்மா பாக்கி."

அத்தனை பேர் முன்னாலும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அந்தப் பளபளப்பை நானே உருக்கினேன். தகடுகள் மறுபடி ஆடின. கார் பத்துச் சுற்றும் லொடலொடத்துக்கொண்டே ஓடியது. யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அம்மா இரண்டு டிக்கெட் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"நான் சொன்னதுக்குத்தான் அதை இறுக்குனியா?"

"இல்லம்மா. எனக்கே தோணுச்சு."

அவள் நம்பவில்லை. மடவார் வளாகம் ஸ்டாப்பில் இறங்கும்போது, கைக்குள் சுருட்டி வைத்திருந்த இரண்டு டிக்கெட்டுகளையும் நீவி என்னிடம் நீட்டினாள்.

"வச்சுக்கோ. சக்கரத்துக்கு ஆகும்லா."