நாலாம் அறைச் செவுத்துல எங்க மாட்டுக் குறி

எனக்கு எழுபத்தெட்டு வயசு. நான் பெத்தது நாலு. நாத்தனார் சாகும்போது விட்டுப்போன பொண்ணையும் சேர்த்து அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கினேன். இதுக்காக யார் வூட்டு வாசல்லயும் போய் நின்னதில்லை. மூணாங்கிளாசோட என் படிப்பு நின்னுபோச்சு. எழுத்து மெதுவாத்தான் வரும்.

எங்க ஊர்ல வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் ஒண்ணு இருக்குது. ஆறு அறை, கருங்கல் தரை. கைதிகளை வேற ஊருக்கு மாத்தின பிறகு, தாலுகா ஆபீசுப் பழைய நாற்காலி பீரோவெல்லாம் போட்டுப் பூட்டி வச்சாங்க. வருசா வருசம் பொங்கலுக்கு முன்ன அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சது நான்தான்.

முதல் வருசம் நாலாம் அறைக்குள்ள போனப்ப நல்ல உச்சிவெயில். உள்ள மட்டும் பல்லு கிட்டுற குளிரு. மூலையில சட்டிய வைக்கக் குனிஞ்சு தரையில கைய ஊனினேன். அந்த ஒரு கல்லு வெதுவெதுன்னு இருந்துது, யாரோ இப்பத்தான் உக்காந்து எந்திரிச்ச மாதிரி. நிமிர்ந்தா, செவுத்துல வரிசையா கீறின கோடுங்க. அதுக்கு மேல ஒரு பிறை, ரெண்டு புள்ளி.

அது எங்க வூட்டு மாட்டுக் குறி. எங்கப்பா கம்பியக் காய்ச்சி எங்க மாட்டுத் தொடையில போடுறது.

நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப அவர் ஒரு வருசம் வூட்ல இல்ல. குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்காருன்னு எங்காத்தா சொன்னா. தெருவுல ஒருத்தி என்னை மாட்டுத் திருடன் மகள்னு சொன்னதுக்கு, ஆத்தா வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு ஓடினா. அன்னைக்குப் புரியாதது அந்த மூலையில புரிஞ்சுது.

குறி மேல எனக்குக் கை போகல. "அங்க ஓதம், சுண்ணாம்பு நிக்காதுங்க"ன்னு ஆபீசுல சொல்லிட்டேன். எல்லா வருசமும் அதையே சொன்னேன். என் பிள்ளைங்களுக்குக் குடகுக் கதையே சொன்னேன்.

போன மாசம், ஜெயிலை இடிக்காம காப்பாத்தணும்னு ஒரு டீச்சரம்மா காலேஜ் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கூரையில மொளைச்ச அரசங்கன்னைப் பிடுங்கினாங்க, முள்ளை வெட்டினாங்க. நல்ல காரியம். நானும் சுண்ணாம்பு கலக்கிக் குடுத்தேன். மத்தியானம் ஒரு பொண்ணு பெயிண்ட் டப்பாவோட நாலாம் அறைக்குள்ள போச்சு. பின்னாலயே போனேன்.

"அந்த மூலைய விட்டுடு கண்ணு."

"கிறுக்கி வச்சிருக்காங்க ஆயா. ரெண்டு கோட் அடிச்சா மறைஞ்சிடும்."

டீச்சரம்மா எட்டிப் பார்த்துச் சிரிச்சாங்க. "ஏங்க ஆயா, உங்களுக்கு யாராச்சும் எழுதி வச்ச லெட்டரா?"

எனக்குச் சோறு கொண்டுவந்த பெரிய மகன் வாசப்படியில நின்னான். குடகுக்குப் போன தாத்தான்னு பெருமை பேசுறவன். பிரஷ்ஷு செவுத்துக்குப் பக்கத்துல போயிடுச்சு.

"எங்கப்பா கீறினது. மாடு திருடிட்டு இங்க இருந்தாரு."

அந்தப் பொண்ணு கைய இறக்கிடுச்சு. அப்ப அறைக்குள்ள, ரொம்ப நாளா நெஞ்சுல பிடிச்சு வச்ச மூச்சை யாரோ விட்ட மாதிரி ஒரு சத்தம். என்னோடதில்ல. அவங்களும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தாங்க.

மகன் சோத்துத் தூக்கைக் கீழ வச்சுட்டுப் போயிட்டான்.

"அதை எழுதிக் குடுங்க ஆயா. பக்கத்துல மாட்டிட்டா யாரும் அழிக்க மாட்டாங்க"ன்னாங்க டீச்சரம்மா.

"ஊரே படிக்கும் ஆத்தா"ன்னான் மகன், வூட்டுக்கு வந்ததும். படிக்கட்டும்னேன். அதுக்கப்புறம் அவன் என்கிட்டப் பேசல.

எழுதி முடிச்சுட்டேன். அவன் மக பக்கத்துல உக்காந்திருக்கா. இந்தா கண்ணு, வெளியில இருக்கிற உங்கப்பனுக்குக் கேக்குற மாதிரி படி. மாடு திருடினது வர்ற எடத்துல குரலைத் தாழ்த்தாத.